மஞ்சள் தடவிய ஓட்டு

எலெக்‌ஷனில் நிற்கிறவரால் ஊருக்குப் பெரிய ஆபத்து எதுவும் கிடையாது. பத்து நாள் கையைக் கூப்புவார், தொண்டை கட்டிப்போகும், பிறகு அடங்கிவிடுவார். அவர் ஜெயித்தே தீரணும் என்று வீட்டுக்குள் ஒருத்தி சாமியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருப்பாள் பாருங்கள், அவளிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் அப்படி இருந்தவள். அதனால்தான் எங்கள் அப்பா புதுக்கோட்டை முனிசிபாலிட்டியில் கவுன்சிலர் ஆகாமல் போனார். (அந்த நாற்காலி பிழைத்தது என்பாள் அம்மா. அப்பாவுக்குக் கொஞ்சம் கனத்த சரீரம்.)

ராஜா காலம். ஜெர்மன்காரன் இரண்டாம் தடவை சண்டை ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முந்தி. திருக்கோகர்ணம் கடைத்தெருவில் அப்பா புளி மண்டி வைத்திருந்தார். எதிர்த்து நின்றவர் அடுத்த தெரு எண்ணெய்ச் செக்குக்காரர். இரண்டு பேரும் அதுவரை தாயும் பிள்ளையுமாகப் பழகியவர்கள்தான். யாரோ நாலு பேர் அப்பாவிடம், "நீங்க நின்னாத்தாங்க நம்ம தெருவுக்குச் சாக்கடை வரும்" என்று சொல்லப்போக, மனுஷன் மறுநாளே சலவை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கும்பிட்டுக் கும்பிட்டு அவர் கை தானாகவே சேர ஆரம்பித்துவிட்டது. மூட்டை சுமந்து வந்த கழுதையை ஒரு நாள் கும்பிட்டதை நானே பார்த்தேன்.

எனக்கு வயசு பதினேழு. சாக்கடை வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? என் கவலையெல்லாம் செல்லையா அத்தான்தான்.

செல்லையா அத்தான் அப்பாவின் அக்காள் மகன். அத்தை கண்ணை மூடும்போது அவருக்கு விட்டுப் போனது சின்னதாக ஒரு ஓட்டு வீடு. (வீட்டு வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் அப்போது ஓட்டு. அந்த ஓட்டு வீட்டால் அவருக்கும் ஒரு ஓட்டு இருந்தது.) கோயில் பக்கத்தில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தார். பார்க்க ஒன்றும் பிரமாதம் இல்லை. மூக்கு கொஞ்சம் கோணல், யாருக்கோ சைக்கிள் கற்றுக்கொடுக்கப் போய் வாங்கியது. வேட்டியில் எப்போதும் சைக்கிள் மசிக் கறை இருக்கும். ஆனால் அவர் பெல் அடிக்காமல் எங்கள் வாசலைத் தாண்டினாலும் அடுப்படியில் இருக்கும் எனக்குத் தெரிந்துவிடும். அவர் ஒரு நாள் வராவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எனக்கு அவர் வேணும், அவ்வளவுதான். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அம்மாவுக்கு வேறு யோசனை. கந்தர்வக்கோட்டையில் அவள் அண்ணன் வகையில் ஒரு மாப்பிள்ளை. நிலபுலன், கிணறு, சொந்த வண்டி மாடு. ஒரு நாள் அப்பா சாப்பிடும்போது பேச்சு வந்தது. நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். (அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகள் பாதி உலகத்தைக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் தெரிந்துகொண்டோம்.)

"பஞ்சர் ஒட்டுறவனுக்கா பொண்ணைக் குடுக்கப் போறீங்க?" என்றாள் அம்மா.

"அவன் என் அக்கா மயன்டி. ஓட்டுக் கேக்க எனக்கு முன்னாடி தெருத்தெருவா நாயா அலையுறான்."

"அலையட்டும். அதுக்குப் பொண்ணைத் தூக்கிக் குடுத்துருவீகளா?"

அப்பா ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். பிறகு, "சரி, சண்டை வேணாம். நான் கெலிச்சா அது செல்லையாவால. பொண்ணு அவனுக்கு. தோத்தா ஓன் இஷ்டம், கந்தர்வக்கோட்டைக்கே சொல்லி அனுப்பு. இனிமே இதப்பத்திப் பேசக் கூடாது" என்றார்.

அந்த நிமிஷத்திலிருந்து புதுக்கோட்டை சமஸ்தானத்திலேயே அந்தத் தேர்தலில் அதிக அக்கறை உள்ள ஆள் நான்தான். சாக்கடை, தெருவிளக்கு, குடிதண்ணீர் எல்லாம் திடீரென்று எனக்கு உயிர்ப்பிரச்சினை ஆகிவிட்டன.

எங்கள் வட்டத்தில் பெண்கள் ஓட்டும் கணிசமாக இருந்தது. ஆம்பிளைகள் ஏதேதோ காரணத்துக்காகப் பெண்டாட்டி பேரில் எழுதிவைத்த வீடுகள். அந்தப் பெண்களை வண்டியில் ஏற்றி அனுப்புகிற வேலை எங்கள் வீட்டில். ஓட்டுப் போடுகிற அன்று காலையில் எல்லாரும் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. கல்யாணத்துக்குப் போகிற மாதிரிதான் வந்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம் வைத்து நான் நீட்டிக்கொண்டே போனேன்.

எப்படி ஓட்டுப் போடுவது என்று அவர்களுக்கு ஏற்கெனவே சொல்லியாயிற்று. அதிகாரி ஒரு சீட்டுக் கொடுப்பார். மறைவுக்குள் இரண்டு பெட்டி இருக்கும். பச்சைப் பெட்டி அப்பாவுக்கு, சிவப்புப் பெட்டி செக்குக்காரருக்கு. பச்சையில் போட்டுவிட்டு வர வேண்டியது. அவ்வளவுதான் விஷயம். அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

ஒரு அம்மாள் கேட்டாள்: "ஏ சௌந்தரம், வெறும் சீட்டையா போடுறது? நல்ல காரியத்துக்கு வெறும் காயிதத்த வைப்பாகளா?"

எனக்குச் சுருக்கென்றது. வாஸ்தவம்தானே? புதுத்துணி உடுத்தினால் ஓரத்தில் மஞ்சள் வைக்கிறோம். கல்யாணப் பத்திரிகைக்கு நாலு மூலையிலும் மஞ்சள் வைக்கிறோம். இது மட்டும் வெறும் காகிதமாகப் போனால் விளங்குமா? என் கல்யாணமே இதில் அல்லவா தொங்குகிறது!

"ஆமாக்கா. சீட்டை வாங்குனதும் ஓரத்துல லேசா மஞ்சளைத் தொட்டு வச்சுப் போடுங்க. மங்களமா இருக்கும்" என்றேன்.

"குங்குமம்?"

"ஒரு பொட்டு வைங்களேன், என்ன கெட்டுப்போச்சு?"

மஞ்சளைத் தண்ணீர் விட்டுக் குழைத்து வெற்றிலையில் மடித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். வாசலில் வண்டியில் ஏற்றிவிட நின்ற செல்லையா அத்தான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் வண்டி மாட்டைப் பார்த்தார். அவ்வளவுதான் எங்கள் காதல். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

போனவர்கள் திரும்பி வந்து கதை கதையாகச் சொன்னார்கள். ஒருத்தி பெட்டிக்கு முன்னால் விழுந்து கும்பிட்டிருக்கிறாள். இன்னொருத்தி சூடம் ஏற்றப் பார்த்து, அதிகாரி அலறியடித்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறார். "அந்தாளு ஏன் இப்படிப் பயப்படுறாரு?" என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம். எல்லாரும் மறக்காமல் மஞ்சள் வைத்தார்களாம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மத்தியானம் பள்ளிக்கூடத்தில் எண்ணிக்கை. அப்பா அங்கே போய்விட்டார். வீட்டில் அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் அப்பாவின் சிநேகிதர்கள் ஒரு மேளக்காரக் குழுவைக் கூப்பிட்டு எதிர் மரத்தடியில் உட்காரவைத்திருந்தார்கள். பெரிய ரோஜா மாலை ஒன்று ஈரத்துணியில் சுற்றிக் கிடந்தது. பின்கட்டில் அண்டா நிறையக் கேசரி. நான் மாடி ஜன்னலில் போய் நின்றுகொண்டேன். தெருமுனை வரைக்கும் தெரியும். நின்று நின்று கால் மரத்துப்போனது. கோகர்ணேசுவரரிடமும் பிரகதாம்பாளிடமும் மாறி மாறிப் பேசினேன். ஒருவர் கைவிட்டாலும் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று ஒரு கணக்கு.

திடீரென்று தெருமுனையில் சைக்கிள். செல்லையா அத்தான்! சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது, முகமெல்லாம் சிவந்திருக்கிறது. அங்கேயே ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு என் ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்.

"கெலிச்சாச்சு! அம்புட்டையும் கெலிச்சாச்சு!"

அதற்கு மேலும் என்னமோ சொன்னார். அது எனக்கு எதற்கு? அவர் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். பெற்றவள் இருக்கும் வீட்டில், பட்டப்பகலில், ஒரு வயசுப் பெண் தெருவைப் பார்த்துக் கையாட்டினேன்! அவர் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். சந்தோஷம் தாங்காமல் அடித்துக்கொள்கிறார் என்று நினைத்து நானும் என் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் சைக்கிளைத் திருப்பி வக்கீல் வீட்டுச் சந்துக்குள் பறந்துவிட்டார்.

நான் படியில் இறங்கவில்லை, உருண்டேன். "கெலிச்சாச்சும்மா! அப்பா கெலிச்சாச்சு!"

"யாரு சொன்னா?"

"செல்லையா அத்தான்! எங்கிட்டயே சொன்னாக!"

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன இருந்ததோ, நேரே உள்ளே போய் மருமகனுக்கு என்று ஒரு கிண்ணம் கேசரியைத் தனியாக எடுத்துவைத்தாள். அந்தக் கிண்ணத்தைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்தது அந்த ஒரு நாழிகைதான். இதை இப்போது சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

மேளம் பிளந்துகட்ட ஆரம்பித்தது. வெடி வெடித்தார்கள். தெருவில் போகிறவன் வருகிறவன் கையிலெல்லாம் கேசரி. சத்தம் கேட்டு அடுத்த தெருவிலிருந்து செக்குக்காரர் சம்சாரமே வந்துவிட்டாள். பாவம், கண் கலங்கியிருந்தது. "அண்ணன் கெலிச்சது எங்களுக்கும் சந்தோசந்தான்" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் விட்டேனா? அவளை உட்காரவைத்து, இலையில் இரண்டு கரண்டி கேசரி போட்டு, "மனசத் தளர விடாதீங்க அத்தே, அடுத்த தடவை மாமா வந்துருவாக" என்று ஆறுதல் வேறு சொன்னேன். (இன்றைக்கும் இதை நினைத்தால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வேன்.)

மாலையை எடுத்துக்கொண்டு மேளத்தோடு கூட்டம் பள்ளிக்கூடத்தைப் பார்க்கக் கிளம்பியது. நான் மறுபடியும் மாடிக்கு ஓடினேன்.

தெருமுனையில் அப்பா வந்துகொண்டிருந்தார். குடையை இடுக்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி. மேளத்தைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். யாரோ ஓடிப்போய் மாலையை அவர் கழுத்தில் போட்டுவிட்டார்கள். அப்பா என்னமோ கேட்டார். பக்கத்திலிருந்தவர் பதில் சொன்னார். அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக வாயைப் பொத்தினார்கள். கண்ணை மூடி ராகத்தில் லயித்திருந்த நாயனக்காரருக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை, அவர் பாட்டுக்கு ஊதிக்கொண்டே இருந்தார்.

அப்பாவுக்குப் பின்னால் பத்தடி தள்ளிச் செக்குக்காரர் வந்தார். தோற்றுவிடுவோம் என்றே இருந்த மனுஷன், மேளமும் இல்லை, மாலையும் இல்லை. தான் ஜெயித்ததற்குத் தானே மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஓரமாக நடந்து வந்தார். அப்பா திரும்பினார். தன் கழுத்து மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். நாயனத்தை வாயிலிருந்து எடுக்கப்போனவரிடம், "ஏன் நிறுத்துறீங்க? வாசிங்க. கவுன்சிலரைக் கொண்டுபோய் வீட்டுல விட்டுட்டு வாங்க" என்றாராம்.

நாங்கள் கூப்பிட்ட மேளம், நாங்கள் வாங்கிய மாலை, எங்கள் வீட்டுக் கேசரியைத் தின்ற கூட்டம், எல்லாம் செக்குக்காரரோடு போய்விட்டது. நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்த அவர் சம்சாரம் இலையை மடித்துவிட்டு, "கேசரி நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அப்பா வந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுச் சொன்னார்: "நம்ம பெட்டியிலதான் சீட்டு நிறைய இருந்துச்சு. பாதிச் சீட்டுல மஞ்ச. குங்குமம் வேற. யாரு போட்ட ஓட்டுன்னு காட்டுற மாதிரி அடையாளம் வச்ச சீட்டு செல்லாதுன்னு சட்டமாம். வக்கீலு வந்து மன்றாடியும் ஒன்னும் நடக்கல. அம்புட்டையும் கழிச்சுட்டாங்க. விரல் விட்டு எண்ணுற ஓட்டுல போச்சு." பிறகு, "எவ சொன்னா மஞ்ச வைக்கச் சொல்லி?" என்று கேட்டார்.

கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள். அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "அட கிறுக்குப் புள்ள" என்றார்.

அம்மா மெதுவாகக் கேட்டாள்: "அப்ப, கந்தர்வக்கோட்டைக்குச் சொல்லி அனுப்பட்டுங்களா?"

"ம். சொன்னா சொன்னதுதான்" என்றார் அப்பா. சொல்லிவிட்டு மண்டிக்குக் கிளம்பிவிட்டார்.

நான் கொல்லைப்பக்கம் கிணற்றடியில் போய் உட்கார்ந்தேன். சாயந்தரம் செல்லையா அத்தான் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். வந்ததும் வராததுமாக, "ஏ புள்ளே, ஒனக்கு என்ன காது செவிடா?" என்றார்.

"நீங்கதான கெலிச்சாச்சுன்னு கத்துனீக?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? கெளிச்சாச்சுன்னு சொன்னேன்."

"அதத்தான் நானும் சொல்றேன். கெலிச்சாச்சு."

"அது இல்ல புள்ளே! கெளிச்சுட்டாங்க! சீட்டையெல்லாம் செல்லாதுன்னு கெளிச்சுட்டாங்க!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செல்லையா அத்தானுக்கு ழ வராது. வாழை அவருக்கு வாளை, மழை அவருக்கு மள. அதோடு எங்கள் பக்கத்து வழக்கப்படி கட்டுவதைக் கெட்டுவது என்கிறவர், கழித்ததையும் கெளித்துவிட்டார். வேறு யார் காதில் விழுந்திருந்தாலும் முகத்தைப் பார்த்தாவது புரிந்துகொண்டிருப்பார்கள். என் காதுக்கு அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து அழுகையில் போய் முடிந்தது. "என்னாலதான் எல்லாம் போச்சு அத்தான். நான் மஞ்ச வைக்கச் சொல்லலேன்னா..."

அவர் கிணற்றுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கெளிச்சதுல என் சீட்டும் ஒன்னு" என்றார்.

"நீங்களுமா? நீங்க ஏன் வச்சீக?"

"தட்டுல மிச்சம் இருந்துச்சு. நீ கொளச்ச மஞ்ச. கையில எடுத்துக்கிட்டேன். நமக்குந்தானேன்னு வச்சேன்."

அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். அவர், "வாரேன் சௌந்தரம்" என்றார். என் பெயரை அவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கு என்று எடுத்துவைத்த கேசரிக் கிண்ணம் அடுப்படியிலேயே இருந்தது. கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. கொடுத்திருக்கலாம்.

தை மாசம் எனக்குக் கந்தர்வக்கோட்டையில் கல்யாணம். அதற்கு முன்பே அவர் சைக்கிள் கடையை விற்றுவிட்டு, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போய்விட்டார். பிறகு அங்கேயும் சண்டை பரவிவிட்டது, கப்பல் நின்றுபோனது. சண்டை ஓய்ந்து ரொம்ப நாள் கழித்து, ஈப்போவில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார், பெண்டாட்டி பிள்ளைகளோடு சௌக்கியம் என்று யாரோ வந்து சொன்னார்கள். உயிரோடு இருக்கிறாரே என்று அன்றைக்குக் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டேன். திரும்ப அவர் இந்தப் பக்கம் வரவில்லை.

என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷர். எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. எலெக்‌ஷன் கதையை என் அம்மாவே அவரிடம் சொல்லிவிட்டாள், கிணற்றடிக் கதையைத் தவிர. (அது அம்மாவுக்கும் தெரியாது.) அவருக்கு அந்தக் கதை உயிர். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எங்கள் பிள்ளைகள் சின்ன வயசில் ழ சொல்லத் தடுமாறினால், "ழ வரலேன்னா எலெக்‌ஷன் போயிரும்டா" என்று மிரட்டுவார்.

எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தபோதும் அவர் சும்மா இருக்கவில்லை. காப்பி குடித்துக்கொண்டிருந்த பையனிடம், "தம்பி, வாழைப்பழம்னு ஒரு தடவை சொல்லுங்க, பாப்போம்" என்றார்.

பையன் திருதிருவென்று விழித்தான். காப்பியைக் கீழே வைத்துவிட்டு, கஷ்டப்பட்டு, "வாளப்பளம்" என்றான்.

கூடமே சிரித்தது. பையன் முகம் செத்துப்போயிற்று. உள்ளே மகளைப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கதவு இடுக்கில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையே சொல்லிவிட்டது. நான் வெளியே வந்து, "இந்த இடத்தையே முடிச்சுருங்க" என்றேன். நாலு பேர் நடுவில் நான் அப்படி அடித்துப் பேசினது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரரே சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

மாப்பிள்ளை நல்ல பிள்ளை. இங்கே வந்தால் சும்மா உட்கார மாட்டார், ஏதாவது வேலை செய்துகொண்டே இருப்பார். கொல்லையில் இருந்து சத்தம் கொடுப்பார்: "அத்தே, மள வருது! துணிய எடுங்க!"

"இவளுக்கா கேக்கும்? எலெக்‌ஷன் அன்னைக்கே போன காது!" என்பார் என் வீட்டுக்காரர். எல்லாரும் சிரிப்பார்கள். நான் துணியை எடுக்கப் போகாமல் அங்கேயே நின்றுகொண்டு, "என்ன வருது மாப்பிள்ளே?" என்று இன்னொரு தரம் கேட்பேன்.